தலையாட்டும் வண்டி

டிரசர் மயில்வாகனத்தின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால் தலையை ஆட்டும். லேசான ஆட்டமா அது? இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருக்கிற ஆளையே உதறித் தள்ளுகிற ஆட்டம். அதை அவர் தலையில் கட்டிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துச் சின்ன துரை இதைப் பற்றி மூச்சு விடவில்லை. விற்கிறவன் எதற்குச் சொல்லப் போகிறான்?

ஈப்போவுக்கு வடக்கே, செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மயில்வாகனத்துக்கு வேலை. டிரசர் என்றால், டாக்டர் வராத நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டாக்டர். டாக்டரோ மாதத்துக்கு ஒரு நாள் வருவார். மீதி நாளின் காய்ச்சலும் பேதியும் பிரசவமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இந்த ஒல்லி மனிதரின் பாடு. பக்கத்திலிருந்த இரண்டு தோட்டங்களையும் அவர்தான் பார்க்க வேண்டும். நடுவே செம்மண் பாதை, மேடு, பள்ளம், மதகு. போன மழைக்காலத்தில் ஓர் இறக்கத்தில் வண்டி தலையை ஆட்டி அவரைத் தூக்கி வீசியது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு திரிந்தார். அந்த ஆறு வாரத்துக்குள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் பிரசவத்தில் உதிரம் போய்ச் செத்தாள். மாட்டு வண்டியில் இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. எலும்பு கூடிவிட்டது. அது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

1927ஆம் வருஷம், ஆகஸ்ட் கடைசியில், அவர் வண்டியை ஈப்போவுக்குக் கொண்டுவந்து பத்துமலையின் முன்னால் நிறுத்தினார்.

பத்துமலை ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், மோட்டார் பட்டறையில் பிட்டர். குடியிருப்பு ஈப்போவின் சிலிபின் பக்கம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் ரப்பர் பால் வெட்டப் போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்று, ஈயம் தோண்டும் லம்பத்தில் பம்பு இன்ஜினைத் துடைத்துத் துடைத்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவன். கோபம் அவனுக்கு மூக்கு நுனியில் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் பொறுப்பான், தன் வேலையைக் குறை சொன்னால் மட்டும் தாங்கமாட்டான். கிந்தாப் பள்ளத்தாக்கில் வண்டி வைத்திருந்த துரைமார்கூட அவன் கை பட்டால் சரி என்று சொல்வார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அவன் சம்பாதித்து வைத்திருந்த சொத்து.

"தம்பி, இதுக்கு ஒரு வழி செய்து தாரும். டம்பர் எண்டு ஒண்டு வந்திருக்காம், பூட்டினால் ஆடாதாம். பேப்பரிலை பார்த்தனான்" என்றார் மயில்வாகனம்.

பத்துமலை உடனே டம்பரைத் தேடி ஓடவில்லை. ஒரு பெட்டியை அடியில் கொடுத்து முன் சக்கரத்தை மேலே தூக்கினான். சக்கரத்தைத் தாங்குகிற கவையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். 'டொக் டொக்' என்றது.

"கேட்டீங்களா ஐயா? ஹேண்டில் தலைக்குள்ள சுத்துற குண்டெல்லாம் தேஞ்சு கெடக்கு. இத மாத்தாம டம்பர் போட்டா, காய்ச்சல்காரனுக்குக் கம்பளிய போத்திட்டுக் கொணமாயிருச்சுன்னு சொல்ற கதைதான்."

மயில்வாகனம் சிரித்துவிட்டார். "என்ரை தொழிலை எனக்கே படிப்பிக்கிறீர்."

குண்டுகளை மாற்றினான். சக்கரக் கம்பிகளைத் தட்டிப் பார்த்து இழுத்துக் கட்டினான். ஓட்டிப் பார்த்தால் ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனாலும் நாற்பதுக்குப் போனால் அந்தப் பழைய உதறல் தலைகாட்டியது. சரி, இனிமேல் டம்பர்தான் என்று முடிவு செய்தான்.

தவுக்கே அலமாரியிலிருந்து மூன்றை எடுத்து மேசைமேல் பரப்பினார். முதலாவது, ஹேண்டிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிச் சட்டத்துக்கு இழுத்துக் கட்டுகிற ஸ்பிரிங் ஜோடி. பத்துமலை அதைத் தொடக்கூட இல்லை. "இது ஆட்டத்த நிறுத்தாதுங்கய்யா, சக்கரத்த நடுவுக்கு இழுத்துக்கிட்டே இருக்கும். வளைவுல நீங்க ஒரு பக்கம் திருப்புனா அது ஒரு பக்கம் இழுக்கும்." இரண்டாவது, தகரத் தட்டுக்குள் ஒரே ஒரு தோல் வட்டு. தவுக்கேயிடம் அது ஒரு பெட்டி நிறையத் தேங்கிக் கிடந்தது. அதனால் அதைத்தான் முன்னால் தள்ளித் தள்ளி வைத்தார்.

"இது பாகூஸ்லா, நல்ல சாமான், பத்துமலை. நிறைய ஆள் வாங்குது."

"பாகூஸ்னா நீ மாட்டி ஓட்டு தவுக்கே. தோலு மழையில ஊறும், வெயில்ல காயும். காலையில ஒரு இறுக்கம், சாயங்காலம் ஒரு இறுக்கம். எறக்கத்துல எந்த இறுக்கம்னு யாருக்குத் தெரியும்?"

மூன்றாவது சீமைச் சாமான். நார் அட்டையில் செய்த இரண்டு வட்டுகள், அவற்றுக்கு மேலும் கீழும் நடுவிலும் எஃகுத் தகடுகள், எல்லாவற்றையும் ஒரே சீராக அழுத்திப் பிடிக்க நட்சத்திர வடிவில் ஒரு ஸ்பிரிங். நடுவே நீளக் கம்பி. அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் குமிழ். குமிழைத் திருகினால் 'டிக் டிக்' என்று எண்ணிக்கையோடு நிற்கும், தானாகக் கழலாது. பத்துமலை அதைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை. விலையைக் கேட்ட டிரசர் மட்டும் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"ஐயா, யோசிக்காதீங்க. இதுக்கு நான் பொறுப்பு. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நேரா வந்து இந்தப் பத்துமலைய கேளுங்க."

அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தையல்ல அது. மனமாரச் சொன்னான்.

மாட்டுவதற்கு ஒன்றரை நாள் பிடித்தது. கம்பி, கவையின் நடுக்குழாய்க்குள் மேலிருந்து கீழே போக வேண்டும். வட்டும் தகடும் அடியில் உட்கார வேண்டும். ஒரு தகடு கவையோடு திரும்பும், இன்னொன்று சட்டத்தில் அசையாமல் நிற்கும். இரண்டும் உரசுகிற உரசலில்தான் ஆட்டம் அடங்கும். அந்தத் தகட்டைச் சட்டத்தோடு பிடிக்கிற எஃகுக் கையின் துளை இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. வேறொருவனாக இருந்தால் துளையை அகலப்படுத்தி வாஷரைப் போட்டு மூடியிருப்பான். பத்துமலை எஃகுத் துண்டு ஒன்றை எடுத்து அரை நாள் அரம் போட்டுப் புதுக் கையே செய்தான். தலைக் குண்டுக்குக் கிரீஸ் வைத்தான். பிறகு சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவினான். வட்டுகளைப் பெட்ரோலில் துடைத்து, வெயிலில் காயவைத்து, சுத்தத் துணியால் பிடித்து உள்ளே வைத்தான். பிசுக்குப் பட்டால் உரசல் போய்விடும், உரசல் போனால் டம்பரே இல்லை. அது பட்டறை கூட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

டிரசருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது குமிழைத் தளர்த்திவிட வேண்டும். ரோட்டில் இரண்டு டிக். இறக்கத்தில் மூன்று, அதற்கு மேல் கூடவே கூடாது. கூடினால் ஹேண்டில் கட்டையாகிவிடும், வண்டி கள்ளுக் குடித்தவன் மாதிரி ரோட்டை அளக்கும். ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அத்தனையையும் அவர் வாயால் திருப்பிச் சொல்லவைத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவரும் சொன்னார்.

செமோர் ரோட்டில் ஓட்டிவிட்டுத் திரும்பிய டிரசரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நாற்பத்தைஞ்சு தம்பி! நாற்பத்தைஞ்சிலை ஒரு கையை எடுத்துப்போட்டும் ஓடிப் பார்த்தனான். அசையேல்லை!" இறங்கி நின்று குமிழைத் தடவினார். "இனி நான் நேரத்துக்குப் போய்ச் சேருவன்."  பத்துமலைக்கு என்னவோ செய்தது. அதை மறைக்க எண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் எந்தச் சேதியும் இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது என்பதற்கு அதைவிட வேறென்ன சேதி வேண்டும்?

சரஸ்வதி பூசை வந்தது. ஆயுத பூசையும் அன்றுதான். பத்துமலை தன் ஸ்பானர்களையும் அரங்களையும் கழுவி, நல்லெண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்தான். மறுநாள் விஜயதசமி. அதற்கு அடுத்த நாள் காலையில் தோட்டத்து மாட்டு வண்டிக்காரன் சன்னாசி பட்டறை வாசலில் வந்து நின்றான். நின்றவன் உள்ளே வரவில்லை.

"பத்துமலண்ணே, டிரசரய்யா போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?"

"செத்துப் போயிட்டாருண்ணே. நேத்துக் காலையில. பக்கத்துத் தோட்டத்துல பிரசவம்னு கூப்பிட்டாங்க, பறந்துக்கிட்டுப் போனாரு. எறக்கத்துல வண்டி தலைய ஆட்டி, மதகுச் சுவத்துல மண்ட மோதி..." சன்னாசி தரையைப் பார்த்தான். "நீ மாட்டுன திருகு இறுகிப் போச்சுன்னு பேசிக்கிறாங்க. லயம் பூரா அதான் பேச்சு."

 கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைத்தான் என்பதுகூடப் பத்துமலைக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் அவன் சோற்றில் கை வைத்தால் பிசைவான், எழுந்துவிடுவான். மனசுக்குள் அந்த டம்பரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தான். நான் செய்த எஃகுக் கை சரியாக இருந்ததா? நட்டை முறுக்கினேனா? நட்டு கழலாமல் பிளவு ஊசி போட்டேனா? போட்டேன். போட்டேனா? ஒரு நல்ல மனுஷனை நான் கொன்றுவிட்டேனா? கேள்வி இது ஒன்றுதான். இதற்குப் பதில் தெரியாமல் இன்னொரு வண்டியில் கைவைக்க அவனால் ஆகாது. தவுக்கேயும் சுற்றி வளைக்கவில்லை. தோட்டத்துத் துரையிடமிருந்து பிட்டர் பிழை என்று கடுதாசி வந்தால், மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

நாலாம் நாள் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. வண்டியைப் பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லித் துரையின் உத்தரவு. பத்துமலை ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு சன்னாசியின் வண்டியில் ஏறினான். 

மோட்டார் சைக்கிளை டிரசர் வீட்டு முன்பந்தலில் சாத்தி வைத்திருந்தார்கள். முன் விளக்கு நொறுங்கி, சக்கரம் கோணிக் கிடந்தது. தோட்டத்து ஆபீஸ் கணக்கர், பெரிய கிராணி கார்த்திகேசு நாற்காலி போட்டுக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவரும் யாழ்ப்பாணம், செத்தவரின் மனைவிக்கு அண்ணன் முறை. சுற்றிலும் லயத்து ஆட்கள் இருபது முப்பது பேர். ஒருவர் முகத்திலும் ஈரம் இல்லை. ஒரு கிழவி காறித் துப்பினாள். யாரை நினைத்துத் துப்பினாள் என்று கேட்க வேண்டியதில்லை.

"பாரும்" என்றார் கிராணி. "பார்த்துப்போட்டு உள்ளதைச் சொல்லும். மழுப்பக் கூடாது."

பத்துமலை மண்டியிட்டான். குமிழ் மூன்றாவது டிக்கில் நின்றது. இவன் சொல்லிக்கொடுத்தபடியே அவர் செய்திருக்கிறார், பாவி மனுஷன். எஃகுக் கை வளையவில்லை. நட்டு அசையவில்லை. பிளவு ஊசி போட்ட இடத்திலேயே இருந்தது.  குமிழைக் கழற்றிக் கம்பியை மேலே உருவினான். கம்பி பளபளவென்று ஈரமாக வந்தது. அடித்தட்டை இறக்கினான். வட்டு அவன் விரலைவிட்டு வழுக்கித் தரையில் விழுந்தது.

எடுத்து மூக்கருகில் கொண்டுபோனான். நல்லெண்ணெய்.

அவனுக்குள் மூன்று நாளாக அழுத்திக்கொண்டிருந்தது ஒரே நொடியில் இறங்கியது. சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. எழுந்து நின்று வட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

"எண்ணெய்! பாருங்க எல்லாரும், நல்லா பாருங்க! உரச வேண்டிய எடத்துல எண்ணெய ஊத்தி வச்சிருக்காங்க! இது எப்படிப் புடிக்கும்? தண்ணியில சோப்பு மாதிரி வழுக்கிட்டுப் போகும்லா! என் வேலையில ஒரு மயிரளவு குத்தமில்ல. எந்த மடச் சாம்பிராணி ஊத்துனானோ, அவன்தான் டிரசரக் கொன்னான்! எழுதுங்க கிராணியாரே, இத அப்படியே எழுதுங்க!"

 கிராணி பேனாவை மையில் தோய்த்தார். அப்போதுதான் வீட்டு வாசலில் வெள்ளைச் சேலை ஒன்று அசைந்தது. டிரசரின் மனைவி அன்னபாக்கியம். துக்கம் கேட்க வந்து உள்ளே இருந்த பெண்கள் பிடித்திழுத்தும் நிற்காமல், நிலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான்தான் எண்ணெய் விட்டனான், தம்பி" என்றாள்.

பத்துமலையின் கை தூக்கியபடியே நின்றது.

"பூசையண்டு விட்டனான். எங்கடை ஊரிலை புத்தகத்துக்குத்தான் படைக்கிறது. இஞ்சை வெட்டுக் கத்திக்கும் கோடாலிக்கும் எண்ணெய் பூசிப் பொட்டு வைக்கிறதைப் பார்த்துப்போட்டு, நானும் அவரின்ரை கத்தரிக்கோல், ஊசி, வண்டி எல்லாத்துக்கும் வைச்சன். இந்தக் குமிழ் வந்த நாளிலையிருந்து கைப்பிடி பாரமாக் கிடக்கு, தோள் நோகுது எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். முறிஞ்ச தோளல்லோ. அதுதான் எண்ணெயை இளஞ்சூடாக்கிக் குமிழடியிலை விட்டன். அது உள்ளுக்கை இறங்கினது." அவள் குரலில் அழுகை இல்லை. பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். "அடுத்த நாள் விடிய வண்டியிலை ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போட்டு வந்து, 'அன்னம், இப்ப லேசாக் கிடக்கு, கையே நோகேல்லை' எண்டு சொன்னவர். சிரிச்சுக்கொண்டு சொன்னவர். பிறகுதான் பிரசவமெண்டு ஆள் வந்தது."

லேசாகத்தான் இருந்திருக்கும். பிடிமானம் அத்தனையும் போன பிறகு லேசாக இல்லாமல் என்ன செய்யும்? பத்துமலை வட்டை மெல்லக் கீழே இறக்கினான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம்போல் இருந்தது.

"தம்பி, எவ்வளவு விட்டால் ஆபத்து?" என்று அவள் கேட்டாள். "நான் ரெண்டு கரண்டி விட்டனான். சின்னக் கரண்டி. ஒரு கரண்டி எண்டால் ஒண்டும் ஆகியிராதோ?"

 என்னவென்று சொல்வான்? ஒரு சொட்டு போதும் என்றா?

"கிராணியாரே, நான் சொன்னத எழுதாதீங்க" என்றான் அவசர அவசரமாக. "என் மேலயே எழுதுங்க. நட்டு சரியா முறுக்கலன்னு எழுதுங்க. நான் ஒத்துக்கிறேன்."

கார்த்திகேசு பேனாவைத் தூக்கியபடி தங்கையைப் பார்த்தார். அவளோ அவரைப் பார்க்கவில்லை, பத்துமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் எழுத வேண்டாம் அண்ணை. இவ்வளவு பேர் கேட்டாச்சு." ஒரு படி இறங்கினாள். "தம்பி, ஒண்டு கேக்கிறன். நீர் படிப்பிச்சதெல்லாத்தையும் அவர் எனக்கு வந்து சொன்னவர். டவுனுக்கை தளர்த்த வேணும், இறக்கத்திலை மூண்டு, நாலு கூடாது. ஒண்டும் விடாமல் சொன்னவர். எண்ணெய் படக்கூடாதெண்டும் நீர் அவருக்குச் சொன்னனீரோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பத்துமலை மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். தளர்த்துவதைச் சொன்னான், இறுக்குவதைச் சொன்னான், மாதம் கழித்து வரச் சொன்னான். எண்ணெயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்தது ஊருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டான். பூசை வரப்போகிறது, ஊரில் இருக்கிற இரும்புக்கெல்லாம் எண்ணெய் ஏறப்போகிறது என்பது அவனுக்குத் தெரியாததா? அவனே பூசினானே!

"இல்லம்மா" என்றான். "சொல்லல."

 

"சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டன் தம்பி" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையை அங்கே நின்றவர்கள் கடைசிவரை மறக்கவில்லை. பெண்கள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள். வாசலைவிட்டு அவள் நகரமாட்டேன் என்றாள்.

கிராணி குனிந்து எழுதத் தொடங்கினார். நாலு வரிதான். பூட்டிய வேலையில் பிழை இல்லை, உராயும் பாகத்தில் எண்ணெய் இறங்கியதே காரணம் என்று வாசித்துக் காட்டினார்.

"நான் சொல்லாம விட்டதையும் எழுதுங்க" என்றான் பத்துமலை.

"துரை கேட்டது வேலை சரியோ பிழையோ எண்டதை மட்டும்தான்" என்றார் கார்த்திகேசு. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. காகிதத்தை நீட்டினார். "கையெழுத்தை வையும். வைச்சுப்போட்டுப் போம்."

மூன்று நாளாக அவன் தவம் கிடந்து கேட்ட காகிதம் அதுதான். அதை எடுத்துக்கொண்டு போனால் வேலை நிற்கும், பேர் நிற்கும். பேனாவை வாங்கினான். விரலில் இருந்த எண்ணெய் காகிதத்தின் ஓரத்தில் பட்டு ஊறியது. அன்னபாக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.